துயிலா வேந்தனும் துன்பத்தில் விளைந்த குரலும்

இசை நோய் தீர்க்கும் என்னும் நம்பிக்கை உலக மக்கள் பலரிடத்தும் உண்டு. ஆயினும், ஒரு பேரரசின் ஆட்சியே ஒரு பாடகரின் நள்ளிரவுப் பாடலைச் சார்ந்து நின்ற வரலாறு அரிதினும் அரிது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஸ்பெயின் நாட்டில் அது நிகழ்ந்தது. நோயுற்றவர் அரசர் ஐந்தாம் பிலிப். அவரைப் படுக்கையினின்று எழுப்ப வழி தேடியவர் அவர்தம் மனைவி எலிசபெத் ஃபர்னேசே. அவ்வரசியார் தேடிக் கண்ட மருந்து ஒரு குரல். அக்குரலுக்கு உரியவர் 'ஃபாரினெல்லி' என ஐரோப்பா முழுவதும் அறியப்பட்ட கார்லோ புரோஸ்கி.

அக்குரல் இயற்கை மட்டும் தந்த கொடை அன்று. சிறுவன் ஒருவனின் உடலில் கத்தி வைத்துப் பெறப்பட்டது. இத்தகைய பாடகரை இத்தாலியர் 'காஸ்ட்ராட்டோ' என்றனர். கணவரின் பெருவிருப்பம், அவரைக் காக்க முனைந்த மனைவியின் மதிநுட்பம், இவ்விரண்டிற்கும் இடையே அகப்பட்ட பாடகரின் வாழ்வு ஆகிய மூன்றையும் ஒருசேர நோக்கினாலன்றி இவ்வரலாற்றின் முழு வடிவம் புலப்படாது.

பெண்ணின் மௌனமும் சிறுவனின் உடலும்

கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் தூய பவுல், சபையில் பெண்கள் பேசாதிருத்தல் வேண்டும் என்று குறிப்பிடுகின்றார். பேச்சுக்கு விதிக்கப்பட்ட இத்தடை காலப்போக்கில் பாட்டுக்கும் விரிந்தது. கோயில் பாடற்குழுவில் பெண்களுக்கு இடமில்லாது போயிற்று. ஆனால், பல குரல்கள் பின்னிப் பாடும் ஐரோப்பியத் திருவழிபாட்டு இசைக்கோ உச்சக் குரல் இன்றியமையாதது. சிறுவர்களைக் கொண்டு இக்குறையை நிறைக்க முயன்றனர். சிறுவர்கள் பயிற்சி முற்றி வரும் வேளையில் அவர்தம் குரல் உடைந்துவிடும். குரலைச் செயற்கையாக உயர்த்திப் பாடும் ஆடவரை அமர்த்தினர். அவர்களுள் ஸ்பெயின் நாட்டார் பெயர் பெற்றவர்கள். எனினும் அக்குரலில் வலிமை குறைவாகவே இருந்தது.

இந்நிலையில்தான் பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்மை நீக்கம் செய்யப்பட்ட பாடகர்கள் கோயில்களில் இடம்பெறத் தொடங்கினர். இதன்கண் ஒரு முரண் நோக்கத்தக்கது. போப்பாண்டவர் ஐந்தாம் சிக்ஸ்டஸ் 1587-இல் ஸ்பெயினிலிருந்த தம் தூதருக்கு ஓர் ஆணை விடுத்தார். விரைகள் இரண்டும் இல்லாதவர் திருமணம் செய்துகொள்ளல் ஆகாது என்பது அவ்வாணை. அதே போப்பாண்டவர், இரண்டே ஆண்டுகள் கழித்து, 1589-இல், தூய பேதுரு பேராலயத்தின் பாடற்குழுவைச் சீரமைத்தபோது அத்தகையோர்க்கு அக்குழுவில் இடமளித்தார். குடும்பத்திற்கு ஆகாதவர் கோயிலுக்கு ஆனார். 1599-இல் சிஸ்டைன் சிற்றாலயப் பாடற்குழுவிலும் அவர்கள் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டனர்.

போப்பாண்டவரின் ஆட்சிப் பகுதிகளில் நாடகமேடையிலும் பெண்கள் ஏறுதற்குத் தடை இருந்தது. ஆதலின் இசைநாடகம் என்னும் புதிய கலை அரும்பியபோது அதிலும் இப்பாடகர்கள் புகுந்தனர். 1607-இல் மாந்துவா நகரில் மான்டிவெர்டியின் 'ஓர்ஃபெயோ' அரங்கேறியபோதே காஸ்ட்ராட்டோ ஒருவர் அதில் பாடினார். 1637-இல் வெனிஸ் நகரில் பொதுமக்கள் கட்டணம் செலுத்திக் காணும் முதல் இசைநாடக அரங்கு திறக்கப்பட்டது. அதன்பின் இவர்களின் புகழ் ஐரோப்பா எங்கும் பரவியது. பெண் வேடம் மட்டுமன்றி வீரர், வேந்தர், காதலர் வேடங்களும் இவர்களுக்கே உரியவாயின. அலெக்சாந்தரும் சீசரும் மேடையில் பெண்ணினும் உயர்ந்த குரலில் பாடினர். கேட்டோர் அதனை முரணாகக் கருதவில்லை. உயர்ந்த குரலே உயர்ந்த மாந்தர்க்கு உரியது என்பது அக்காலச் சுவை.

பெண்ணின் வாயை அடைத்த விதி சிறுவனின் உடலை அறுத்தது என்பதே இப்பகுதி வரலாற்றின் சாரம். ஓர் அநீதி தனித்து நில்லாது. தனக்குத் துணையாக மற்றோர் அநீதியை ஈன்றே தீரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேட வேண்டுவதில்லை.

குரல் உருவான விதம்

அறுவை, பெரும்பாலும் எட்டு வயதிற்கும் பன்னிரண்டு வயதிற்கும் இடையே செய்யப்பட்டது. ஆண்மைச் சுரப்பு இன்மையால் பருவ மாற்றத்தின்போது குரல்வளை பருப்பதில்லை. குரல் நாண்கள் நீள்வதில்லை. ஆனால் எலும்புகளின் முனைகள் உரிய காலத்தில் மூடிக்கொள்ளாமையால் கைகால்களும் விலா எலும்புகளும் வளர்ந்துகொண்டே செல்லும். சிறுவனின் குரல்வளை, வளர்ந்தவரின் பேரளவான மார்புக்கூடு, பல்லாண்டுப் பயிற்சி ஆகிய மூன்றும் ஓருடலில் கூடின. ஒரே மூச்சில் ஒரு சுரத்தை மென்மையிலிருந்து பெருக்கி மீண்டும் மென்மைக்குக் கொணரும் திறம் இவர்களின் தனிச்சிறப்பாயிற்று.

இவ்வறுவை திருச்சபைச் சட்டப்படி குற்றம். செய்தவர் சபையினின்று விலக்கப்படுவர். ஆகவே ஒவ்வொரு பாடகர்க்கும் ஒரு கதை தேவைப்பட்டது. குதிரையிலிருந்து விழுந்ததாகச் சிலர் கூறினர். காட்டுப்பன்றி தாக்கியதாகச் சிலர் கூறினர். ஆங்கில இசை வரலாற்றறிஞர் சார்லஸ் பர்னி 1770-இல் இத்தாலி முழுவதும் சுற்றி, இவ்வறுவை எங்கே செய்யப்படுகிறது என வினவினார். மிலான் நகரத்தார் வெனிஸைக் காட்டினர்; வெனிஸ் நகரத்தார் பொலோன்யாவைக் காட்டினர்; இவ்வாறே ஒவ்வோர் ஊரும் வேறோர் ஊரைக் காட்டியது. நாட்டிற்கே தெரிந்த செயல் எந்த ஊரிலும் நிகழவில்லை!

பயிற்சிக்குப் பெயர்பெற்றவை நேப்பிள்ஸ் நகரின் நான்கு 'கன்சர்வட்டோரியோ'க்கள். இன்று இச்சொல் இசைக்கல்லூரியைக் குறிக்கும். தொடக்கத்தில் இவை ஆதரவற்ற குழந்தைகளைப் பேணிய அறநிலையங்களே. 'பேணுதல்' என்னும் பொருளுடைய வினையினின்று பிறந்தது இப்பெயர். பேணுமிடம் என்னும் பெயருடைய கூடங்களில் குரல் பேணப்பட்டது. குழந்தையின் உடலுக்கு நேர்ந்ததை எவரும் வினவவில்லை. ஏழைப் பெற்றோர் பலர் மகனின் குரலில் குடும்பத்தின் மீட்சியைக் கண்டனர். புகழும் பொருளும் பெற்றோர் மிகச் சிலரே. ஏனையோர் சிற்றூர்க் கோயில்களில் பெயர் தெரியாப் பாடகர்களாக முடிந்தனர்.

ஃபாரினெல்லியின் எழுச்சி

கார்லோ புரோஸ்கி 1705 சனவரி 24-இல் தென் இத்தாலியின் அந்திரியா என்னும் ஊரில் பிறந்தார். அவர் வறுமையில் பிறந்தவர் அல்லர். தந்தை அரசுப் பணி பார்த்தவர். தமையன் ரிக்கார்டோ இசையமைப்பாளர். தந்தை 1717-இல் காலமானார். கார்லோவின் நிலைக்குக் காரணமாகச் சொல்லப்பட்டதும் குதிரையிலிருந்து விழுந்த கதையே.

நேப்பிள்ஸ் நகரில் நிக்கோலா போர்ப்போரா என்னும் பேராசான் அவருக்குப் பயிற்சி அளித்தார். 1720-இல், பதினைந்தாம் வயதில், போர்ப்போராவின் இசைப்படைப்பு ஒன்றில் அவர் அரங்கேறினார். அதற்குப் பாடல் யாத்தவர் மெத்தாஸ்தாசியோ என்னும் இளங்கவிஞர். கவிஞரும் பாடகரும் ஒரே நாளில் கலையுலகில் பிறந்தவர்கள் எனக் கருதி, இருவரும் வாழ்நாள் இறுதிவரை ஒருவரையொருவர் 'அன்பு இரட்டையரே' என்றே அழைத்துக்கொண்டனர். மெத்தாஸ்தாசியோ பின்னர் வியன்னாவில் பேரரசரின் அவைக்கவிஞர் ஆனார். இருவரையும் நாடுகள் பிரித்தன, கடிதங்கள் இணைத்தன. இருவரும் ஒரே ஆண்டில், 1782-இல், மறைந்தனர்.

ரோம் நகரில் எக்காளக் கலைஞர் ஒருவரோடு நிகழ்ந்த போட்டியைப் பர்னி எழுதியுள்ளார். இருவரும் ஒரே சுரத்தை நீட்டிப் போட்டியிட, எக்காளக் கலைஞர் மூச்சிழந்து ஓய்ந்தார். பாடகரும் ஓய்ந்துவிட்டார் என அவை எண்ணிய வேளையில் அவர் அதே மூச்சில் மேலும் சுரங்களை அடுக்கினாராம். 1734-இல் அவர் லண்டன் சென்றார். அங்கே ஹாண்டலின் நாடகக் குழுவுக்கு எதிராகப் பிரபுக்கள் அமைத்த குழுவில் பாடினார். கடவுள் ஒருவரே, ஃபாரினெல்லி ஒருவரே என்று சீமாட்டி ஒருத்தி அரங்கில் கூவியதாகச் சொல்வர். அக்கூற்றை ஓவியர் ஹோகார்த் 1735-இல் தம் எள்ளல் ஓவியம் ஒன்றில் பொறித்தார். புகழும் எள்ளலும் அவரை ஒருங்கே தொடர்ந்தன.

அரசியின் மருந்து

ஐந்தாம் பிலிப் 1683-இல் வெர்சாயில் பிறந்தவர்; பிரான்சின் பதினான்காம் லூயியின் பேரர். பதினாறாம் வயதில் ஸ்பெயின் அரியணை அவருக்கு வாய்த்தது. முதல் மனைவி 1714-இல் இறந்தார். அவ்வாண்டே பார்மா நாட்டு எலிசபெத் ஃபர்னேசே இரண்டாம் மனைவியாக வந்தார். பிலிப்பை ஆழ்ந்த மனச்சோர்வு அவ்வப்போது பற்றியது. 1724 சனவரியில் மகன் லூயிக்கு முடி துறந்தார். மகன் சில திங்களில் இறக்கவே, மீண்டும் முடி சூடவேண்டியதாயிற்று. துறந்த சுமை திரும்பி வந்து தோளில் அமர்ந்தது.

பின்னைய ஆண்டுகளில் நோய் முற்றியது. அரசர் பகலில் உறங்கி இரவில் விழித்திருந்தார். குளிக்க மறுத்தார், நகம் களைய மறுத்தார், உடையில் நஞ்சு இருக்குமென அஞ்சினார், தாம் தவளையாகிவிட்டதாக நம்பினார் எனவும் அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன. அமைச்சர்கள் நள்ளிரவு கடந்து அழைக்கப்பட்டனர். அரசரோடு அரசியாரும் விழித்திருந்தார். அயலவர் பலர் அவரைப் பேராசை கொண்டவர் என இகழ்ந்தனர். தம் மக்களுக்கு அரசுரிமை தேடுவதில் அவர் முனைப்புக் கொண்டிருந்தது உண்மையே. கணவர் மீண்டும் முடி துறந்தால் அவருடைய செல்வாக்கும் அன்றோடு முடியும். ஆயினும், உறக்கமற்ற ஒருவரின் அருகில் ஆண்டுக்கணக்கில் உறக்கமின்றி அமர்ந்திருந்ததை அரசியல் கணக்கு ஒன்றால் மட்டும் விளக்கிவிட இயலாது. அன்பும் தன்னலமும் ஒரே நெஞ்சில் குடியிருத்தல் உலகியல்பு.

1737 ஆகஸ்டில், அரசியாரின் அழைப்பை ஏற்று, ஃபாரினெல்லி ஸ்பெயின் வந்தார். அப்போது அவருக்கு வயது 32. அரசரின் அறைக்கு அடுத்த அறையில் அவரைப் பாடச் செய்தார் அரசியார். முதற்பாடலில் அரசர் திகைத்தார். இரண்டாம் பாடல் முடிந்ததும் பாடகரை அழைத்து, வேண்டியதைக் கேள் என்றார். அரசியார் முன்னரே சொல்லிவைத்தபடி, அரசர் எழுந்து முகம் மழித்து அமைச்சரவைக்கு வரவேண்டும் என்பதையே பாடகர் பரிசாகக் கேட்டார். அரசரும் உடன்பட்டார். இது பர்னி வழங்கும் செய்தி.

பாடகர் ஸ்பெயினில் சில திங்களே தங்க எண்ணியிருந்தார். தங்கியதோ இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல். அரண்மனை ஊழியராக ஆணை பெற்ற நாள் தொட்டு அவர் பொதுமேடையில் பாடவே இல்லை. ஐரோப்பாவின் அரங்குகள் அனைத்தும் கேட்க ஏங்கிய குரல் ஒரே ஒரு செவிக்கு உரியதாயிற்று.

நள்ளிரவுப் பாடல்கள்

ஒவ்வோர் இரவும் அதே நான்கு பாடல்களை ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஃபாரினெல்லி பாடினார் என்பது நெடுங்காலம் வழங்கிவரும் கதை. நான்கை நாட்களால் பெருக்கி ஆயிரக்கணக்கில் தொகை சொன்னவர்களும் உளர். ஆனால் பாடகர் 1738-இல் தம் நண்பரும் பொலோன்யாப் பிரபுவுமான சிசீனியோ பெப்போலிக்கு எழுதிய கடிதம் வேறு கூறுகிறது. வந்த நாள் முதல் ஒவ்வோர் இரவும் எட்டு அல்லது ஒன்பது பாடல்கள் பாட நேர்கிறது, ஓய்வென்பதே இல்லை, இவ்வாழ்வைத் தாங்கும் உடல்நலத்தை இறைவன் அருளவேண்டும் என்பது அதன் கருத்து. கதையில் ஃபாரினெல்லி மாயம் செய்பவர். கடிதத்திலோ களைத்த மனிதர். வரலாற்றுக்குக் கடிதமே வேண்டியது.

மருந்து நோயை முற்றும் தீர்த்ததா? இல்லை என்றே சொல்லவேண்டும். ஆங்கிலத் தூதர் பெஞ்சமின் கீன் எழுதிய செய்தி நெஞ்சை உலுக்குவது. பாடகர் பாடி முடித்தபின் அரசர் அப்பாடல்களைத் தாமே ஒவ்வொன்றாகப் பாட முயல்வாராம். முயற்சி ஊளையாகவும் கூச்சலாகவும் முடியுமாம். அதனைப் பிறர் காணாதவாறு மறைக்க அரண்மனையார் பெரும்பாடு பட்டனராம். கீன் இதனைச் சற்றே எள்ளலோடு எழுதினார். எள்ளலை நீக்கிப் பார்த்தால் எஞ்சுவது அவலம். தனக்குள் எழுந்த துயருக்குக் குரல் தேடிய ஒருவர், பிறர் குரலை இரவல் வாங்க முயன்று தோற்ற காட்சி அது. இருவர் உடலும் சிறையே. ஒருவர் சிறையிலிருந்து பாடல் வந்தது, மற்றவர் சிறையிலிருந்து கூச்சல் வந்தது.

எனினும் அரசர் எழுந்தார், அவைக்கு வந்தார், 1746 சூலை 9-இல் இறக்கும்வரை முடி துறக்கவில்லை. நோய் தீராவிடினும் நாட்கள் நகர்ந்தன. மனநோயுற்றோரின் இல்லத்தார்க்கு நாட்கள் நகர்வதே பெரும்பேறு என்பதை எலிசபெத் அறிந்திருந்தார்.

இத்துணைச் செல்வாக்கிலும் ஃபாரினெல்லி எளிமை குன்றவில்லை. தையற்காரர் ஒருவர் அவருக்கு விலையுயர்ந்த உடை தைத்துக் கொணர்ந்து, கூலி வேண்டா, ஒரு பாடல் போதும் என்றாராம். முதலில் மறுத்த பாடகர் பின்னர் இசைந்து, அத்தையற்காரர் ஒருவருக்காகவே அமர்ந்து பாடினார். பாடியபின் கூலியையும் இருமடங்காகத் தந்தார் என்று பர்னி எழுதுகின்றார். அரசர்க்கு மட்டும் உரியதென ஆன குரல் ஒரு நாள் ஓர் உழைப்பாளியின் செவிக்கும் எட்டியது.

இரண்டாம் அரசி

பிலிப்பின் பின் முதல் மனைவியின் மகன் ஆறாம் ஃபெர்டினாண்ட் அரசரானார். தந்தையின் மனச்சோர்வு மகனையும் விடவில்லை. இவர் மனைவி போர்ச்சுகல் நாட்டுப் பார்பரா. டொமெனிக்கோ ஸ்கார்லாட்டியிடம் இளமை முதல் பயின்று ஹார்ப்சிகார்டு வாசிப்பில் தேர்ந்தவர். எலிசபெத் இசையை மருந்தாகப் பயன்படுத்தினார். பார்பராவோ இசையைத் தாமே வாழ்ந்தார். இவ்விருவர் ஆட்சியில் ஃபாரினெல்லி அரண்மனை இசைநாடகங்களின் பொறுப்பை ஏற்றார். மெத்தாஸ்தாசியோவின் நாடகங்கள் மாட்ரிட்டில் அரங்கேறின. அரஞ்ஞூவெஸ் மாளிகையருகே தாகுஸ் ஆற்றில் ஓடிய அரச படகு விழாக்களையும் அவரே அமைத்தார். 1750-இல் கலத்ராவா வீரர் பட்டம் அவருக்கு அளிக்கப்பட்டது.

1758 ஆகஸ்டு 27-இல் பார்பரா இறந்தார். தம் இசைக்கருவிகளுள் சிறந்தவற்றையும் இசை ஏடுகளையும் பாடகருக்கு எழுதிவைத்திருந்தார். மனைவியை இழந்த ஃபெர்டினாண்ட் வில்யவிசியோசா கோட்டையில் ஒடுங்கி, அறிவு கலங்கி, ஓராண்டுக்குள் இறந்தார். அடுத்து முடிசூடிய மூன்றாம் சார்லஸ், எலிசபெத்தின் சொந்த மகன். ஃபாரினெல்லி நாட்டைவிட்டு அகலவேண்டும் என விரும்பியவர் அவர். ஆண்டுத்தொகை மட்டும் நிறுத்தப்படவில்லை. தாய் அழைத்து வந்தவரை மகன் அனுப்பிவைத்தார்.

பொலோன்யாவில் எஞ்சிய நாட்கள்

இத்தாலி திரும்பிய ஃபாரினெல்லி பொலோன்யா நகர்ப்புறத்தில் தம் மாளிகையில் வாழ்ந்தார். 1770-இல் பதினான்கு வயது மொசார்ட் தந்தையோடு வந்து அவரைக் கண்டார். அதே ஆண்டு பர்னியும் வந்தார். முதியவர் அப்போது பாடுவதை விடுத்து இசைக்கருவிகளை வாசித்துக்கொண்டிருந்தார். கருவிகளுக்கு ராஃபேல், கொரெஜ்ஜோ, டிஷியன் என்று ஓவியர்களின் பெயர்களைச் சூட்டியிருந்தார். 'கொரெஜ்ஜோ' என்பது பார்பரா அரசியார் தந்தது. மனைவி, மக்கள் என்னும் உறவுகளைச் சட்டம் மறுத்த ஒருவர், கருவிகளுக்குப் பெயரிட்டு அவற்றோடு உறவாடினார். 1782 செப்டம்பர் 16-இல் அவர் மறைந்தார்.

2006-இல் பொலோன்யாக் கல்லறையிலிருந்து அவர் எலும்புகள் ஆய்வுக்காக எடுக்கப்பட்டன. உயர்ந்த உடலமைப்பு, தேய்ந்த எலும்புகள், நெற்றி எலும்பின் உட்புறம் தடித்திருந்த நிலை ஆகியன கண்டறியப்பட்டன. அரண்மனை ஏடுகள் குரலைப் பதிந்தன. எலும்புகள் விலையைப் பதிந்திருந்தன.

குரலின் முடிவு

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சுவை மாறியது; பெண்கள் மேடையேறினர். 1824-இல் மேயர்பீர் தம் இசைநாடகம் ஒன்றில் வெல்லூத்தி என்னும் பாடகருக்கென ஒரு வேடம் படைத்தார். பெரிய இசைநாடகங்களில் காஸ்ட்ராட்டோவுக்கென எழுதப்பட்ட இறுதி வேடங்களுள் அது ஒன்று. கோயில்களில் வழக்கம் மேலும் நீடித்தது. 1903-இல் போப்பாண்டவர் பத்தாம் பயஸ், உச்சக் குரலுக்குச் சிறுவர்களையே அமர்த்தவேண்டும் என ஆணையிட்டார். சிஸ்டைன் சிற்றாலயத்தின் அலெஸ்ஸாந்திரோ மொரெஸ்கி 1902-இலும் 1904-இலும் இசைத்தட்டுகளில் பாடினார். தனிப்பாடகராகப் பதிவு செய்யப்பட்ட ஒரே காஸ்ட்ராட்டோ குரல் அவருடையது. 1922-இல் அவர் இறந்தார்.

1994-இல் ஃபாரினெல்லியின் வாழ்வைத் தழுவிப் பெல்ஜிய இயக்குநர் ஜெரார் கோர்பியோ ஒரு திரைப்படம் எடுத்தார். மறைந்த அக்குரலை மீட்க, ஆடவர் ஒருவரின் உயர்குரலையும் பெண் ஒருவரின் குரலையும் கணிப்பொறியின் துணையால் ஒன்றாக்கினர். பெண்ணைப் பாடாதே என்றதனால் பிறந்த குரலை மீண்டும் கேட்கப் பெண்ணின் குரலே வேண்டியிருந்தது. வரலாறு தன் கடனைத் தீர்த்துக்கொள்ளும் வழி இது போலும்.

எலிசபெத்தின் இரவுகளில் இசை ஓர் உயிரைத் தாங்கியது. அதனை மறுத்தல் இயலாது. அவ்விசைக்கு விலை தந்தவர் அரசரும் அல்லர், அரசியாரும் அல்லர். தன் சம்மதம் கேட்கப்படாத ஒரு சிறுவன் தந்தான். பாட்டின் இனிமை அவ்விலையை நியாயப்படுத்தாது. அவ்விலையின் கொடுமை பாட்டின் இனிமையைப் பொய்யாக்கவும் செய்யாது. இரண்டையும் ஒருங்கே நெஞ்சில் தாங்கல் அரிது. ஆயினும் கலையைப் போற்றுவோர்க்கு அதுவே கடமை. ஒரு பாடலைக் கேட்டு உருகும் வேளையில், இதற்காக வாய் மூடப்பட்டவர் யார், உடல் வருந்தியவர் யார் என்று வினவும் நெஞ்சமே கவிஞர் நெஞ்சம்.